பிரித்தெழுதிய சொல்லும் பிறழ்ந்த ஒலியும்

நார்வே நாட்டு உணவகமொன்றின் பட்டியலில் 'லம்மெலோர்' என்று கண்டால், அது ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. அதனையே நடுவில் வெளிவிட்டு 'லம்மெ லோர்' என்று எழுதிவிட்டால், முடங்கிப்போன தொடைகள் என்று பொருள் மாறிவிடுகிறது. 'சில்லிங்லேவெர்' கோழி ஈரல். 'சில்லிங் லேவெர்' என்றால் கோழி உயிரோடிருக்கிறது. 'அனனாஸ்பீத்தெர்' அன்னாசித் துண்டுகள். 'அனனாஸ் பீத்தெர்' என்றால் அன்னாசி கடிக்கிறது. கடைப்பலகைகளிலும் விலைச்சீட்டுகளிலும் இத்தகைய பிழைகளைத் தேடிப் பிடித்துப் படமெடுத்து நகைப்பது அந்நாட்டில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது.

நகைக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் நகைப்பு முடிந்த பிறகு என்ன நிகழ்கிறது என்பதே கேள்வி. ஒரு சாரார், "ஆட்டுக்குட்டியின் தொடை முடங்கியிருப்பதாக எவனாவது எண்ணுவானா? சூழலே பொருளை உணர்த்திவிடுகிறதே! மொழி மாறிக்கொண்டுதான் இருக்கும். ஓர் இடைவெளிக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு?" என்கின்றனர். மற்றொரு சாரார், "எல்லாம் ஆங்கிலத்தின் கேடு" என்று பெருமூச்செறிந்து, பிழை செய்தவனை ஏளனம் செய்வதோடு தம் கடமை தீர்ந்ததென்று அமைகின்றனர். இரு சாராரும் கண்ணால் மட்டுமே இச்சிக்கலைப் பார்க்கின்றனர். செவியால் கேட்க வேண்டியதைக் கண்ணால் தேடினால் கிடைக்குமா?

நார்வேஜிய மொழியின் எழுத்துமுறையில் அசையழுத்தத்தைக் காட்டும் குறி ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். ஒன்று எனப் பொருள்படும் 'ஏன்' போன்ற மிகச் சில சொற்களின் தலைமேல் ஒரு சாய்கோடு இடுவர், அவ்வளவே. ஆனால் அம்மொழியின் பேச்சில் அழுத்தம் அணிகலன் அன்று, அதுவே முதுகெலும்பு. 'டீர்' என்றால் விலங்கு. விலையுயர்ந்த என்றும் பொருள். 'லேகெ' மருத்துவர். இரண்டையும் சேர்த்து, முதலசையில் ஓங்கி ஒலித்து, பின்னசையில் சற்றே தணிந்து 'டீர்லேகெ' என்றால் அவர் கால்நடை மருத்துவர். இரண்டையும் தனித்தனியே அழுத்தி 'டீர் லேகெ' என்றால், அவர் கட்டணம் மிகுதியாக வாங்கும் மருத்துவர். எழுத்துகள் அவையே, வரிசையும் அதுவே. வேறுபடுவது அழுத்தம் மட்டுமே. அவ்வழுத்தத்தைத் தாளில் பதிவு செய்ய அம்மொழிக்கு வாய்த்த வழி ஒன்றே ஒன்று: இடைவெளி விடாமை. சேர்த்தெழுதினால் ஒரு தலைமையழுத்தம், பிரித்தெழுதினால் இரண்டு. இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் அவ்வெழுத்துமுறை நிற்கிறது. ஆகவே இடைவெளி விடுகிறவன் அச்சழகைக் கெடுக்கவில்லை. ஒலியைத் திருத்தி எழுதுகிறான்.

சூழல் உணர்த்தும் என்னும் வாதத்துக்கு இனி வருவோம். வேடிக்கையான எடுத்துக்காட்டுகளையே எடுத்தாண்டதால் வந்த வினை இது. முடங்கிய தொடையைச் சூழல் காப்பாற்றும், ஐயமில்லை. ஆனால் ஒரு பள்ளி 'எங்கெல்ஸ்க்லேரெர்' தேவையென்று விளம்பரம் செய்தால், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தேவை என்பது பொருள். அவர் எந்நாட்டவராயினும் ஆகலாம். 'எங்கெல்ஸ்க் லேரெர்' என்று வெளிவிட்டு எழுதினால், இங்கிலாந்து நாட்டவரான ஆசிரியர் என்றாகிறது. அவர் கணக்கும் கற்பிக்கலாம். இரண்டும் இயல்பான பொருளே. இரண்டும் விளம்பரத்தில் இடம்பெறத் தக்கனவே. இங்கே சூழல் எங்ஙனம் துணை செய்யும்? 'ரோய்க்ஃப்ரித்' என்றால் புகையற்ற இடம். பிரித்து 'ரோய்க் ஃப்ரித்' என்று எழுதினால், "தாராளமாகப் புகைபிடி" என்னும் ஏவல். 2004ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொட்டு உணவகங்களில் புகைபிடித்தலைத் தடைசெய்த நாட்டில், சுவரில் தொங்கும் ஓர் அட்டை சட்டத்துக்கு நேர்மாறாகப் பேசுவது சிறு செய்தியன்று.

"ஆங்கிலேயர் தம் கூட்டுச்சொற்கள் பலவற்றைப் பிரித்துத்தானே எழுதுகின்றனர்? அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி கூர்மையானதே; விடையின்றி விடத்தக்கதன்று. ஆங்கிலத்தில் பெயரடை எந்த விகுதியும் ஏற்காது. எனவே வெளிவிட்டு எழுதுவதால் இலக்கணம் இடிந்து விழுவதில்லை. நார்வேஜிய மொழியில் பெயரடை பாலுக்கும் எண்ணுக்கும் சுட்டுக்கும் ஏற்பத் திரியும். 'ஸ்தூர்' பெரிய, 'பீ' நகர். 'ஸ்தூர்பீ' என்னும் கூட்டுச்சொல் மாநகரைக் குறிக்கும். அந்த மாநகரம் என்று சுட்டும்போது 'ஸ்தூர்பீயென்' என்று வருமொழியின் ஈறு மட்டுமே திரியும். நிலைமொழி அசையாது நிற்கும். பெரிதான அந்த நகரம் என்னும் தொடரிலோ 'தென் ஸ்தூரெ பீயென்' என்று பெயரடையும் திரிந்தாக வேண்டும். கூட்டுச்சொல்லுக்குள் புகுந்த பெயரடை தன் திரிபை இழந்து உறைந்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும். அச்சொல்லைப் பிரித்து எழுதினால், உறைந்த பெயரடை திரியவேண்டிய இடத்தில் திரியாமல் நிற்கும். இலக்கணப் பிழையாகவே கண்ணை உறுத்தும். ஆங்கிலத்தின் வழக்கத்தை இதற்கு அளவுகோலாக்குவது, ஒருவர் காலணியைக் கொண்டு மற்றவர் காலை அளப்பது போன்றது.

ஆங்கிலத்தின் மேல் முழுப்பழியையும் சுமத்துவோரும் வரலாற்றை மறந்தவர்களே. இடைக்காலப் பழநோர்சு ஏடுகளிலேயே கூட்டுச்சொற்களை இரண்டாகப் பிரித்து எழுதும் பழக்கம் பரவலாக உண்டு. அக்காலத்து எழுத்தர் எவரும் ஆங்கிலத் திரைப்படம் பார்த்துக் கெட்டுப்போனவரல்லர். இன்று ஆங்கிலச் செல்வாக்கு இல்லையென்பதன்று, உண்டு. ஆயினும் அதனினும் பெரிய குற்றவாளி மேசை மேல் இருக்கிறது. கணிப்பொறியின் எழுத்துப்பிழை திருத்தி, தன் பட்டியலில் இல்லாத சொல்லின் கீழே சிவப்புக் கோடிடும். கூட்டுச்சொற்களை நாள்தோறும் புதிது புதிதாகப் படைத்துக்கொள்ளும் மொழியில் எல்லாச் சொல்லும் எந்தப் பட்டியலில் அடங்கும்? எழுதுகிறவன் தயங்குகிறான், நடுவில் ஒரு வெளி விடுகிறான். இரு பாதிகளும் பட்டியலில் இருப்பதால் சிவப்புக் கோடு மறைந்துவிடுகிறது. பிழை செய்தவனுக்குப் பாராட்டும் சரியாக எழுதியவனுக்குக் கண்டனமும் வழங்கும் இவ்வாசிரியனுக்கு எதிராக, பள்ளியிலுள்ள ஆசிரியன் எதனை வைத்துப் போராடுவான்? செவியை வைத்துத்தான் போராட வேண்டும்.

இதனை நார்வே மொழியறிஞர் அறியாதவரல்லர். 1972இல் நிறுவப்பெற்று, 2005இல் புதிய அமைப்பாக மாற்றப்பெற்ற அரசின் மொழி மன்றம் கூறும் அறிவுரையும் இதுவே: சொல்லை வாய்விட்டுச் சொல், ஒரே தலைமையழுத்தம் கேட்டால் சேர்த்தெழுது. நல்ல அறிவுரை. ஆனால் அது முழு உண்மையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அரைகுறை விதியைக் கற்பித்துவிட்டு மாணவன் தடுமாறும்போது அவனைக் குறைகூறுவது ஆசிரியத்துக்கு அழகன்று. நூற்றாண்டைக் குறிக்கும் 'ஓர்ஹுன்த்ரெ' என்னும் சொல்லில் 'ஓர்' ஆண்டு, 'ஹுன்த்ரெ' நூறு. சேர்த்தே எழுதுவர், ஆயினும் அழுத்தம் முதலில் விழாமல் நூற்றின் மேல் விழுகிறது. 'லில்லெஹாம்மெர்' என்னும் நகரின் பெயரில் அழுத்தம் 'ஹாம்' என்னும் அசையில். தென்கரையிலுள்ள 'கிறிஸ்தியான்சாண்ட்' நகரின் பெயரில் அழுத்தம் கடைசியில். அந்நகரை 1641இல் நிறுவிய நான்காம் கிறிஸ்தியான் மன்னனின் மணற்பாங்கு என்னும் தொடரே பெயராக நின்றதனால், தொடருக்குரிய அழுத்தம் பெயரிலும் தங்கிவிட்டது. "எப்பொழுதும் முதலசையே" என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவர்கள் இவ்வூர்களுக்கு ஒருமுறை தொடர்வண்டியேறிச் சென்று, அறிவிப்பாளர் பெயரைச் சொல்வதைக் கேட்டு வரலாம்.

அழுத்தம் ஒன்று, அதனோடு பின்னிக் கிடக்கும் நீளம் மற்றொன்று. அழுத்தம் பெற்ற அசை அம்மொழியில் நெடிதாகவே இருக்கும்: உயிர் நீண்டால் ஒற்றுக் குறுகும், உயிர் குறுகினால் ஒற்று நீளும். 'தாக்' கூரை, 'தக்' நன்றி. கூரை ஓட்டுக்குரிய கூட்டுச்சொல்லில் முன்னது நெடிலாகவும், நன்றிமடலுக்குரிய கூட்டுச்சொல்லில் பின்னது குறிலும் ஒற்றுமாகவும் அப்படியே நிற்கும். இதற்கும் மேலே இசைத்திறம் உண்டு. 'தாங்கென்' என்னும் ஒரே எழுத்துக்கோவை, ஓர் இசையில் 'அந்தக் கொள்கலம்'. மற்றோர் இசையில் 'அந்த எண்ணம்'. இவ்விசை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். வடகோடியின் சில பகுதிகளில் இவ்வேறுபாடே இல்லை. நார்வேயில் பொதுப்பேச்சு என்று சட்டம் வகுத்த ஒன்று கிடையாது. நாடாளுமன்றத்திலும் அவரவர் வட்டார வழக்கே ஒலிக்கும். எழுத்துநெறியும் பூக்மோல், நீநோர்ஸ்க் என இரண்டு. இத்தனை பிரிவினைக்கு நடுவிலும், கூட்டுச்சொல் ஒரு தலைமையழுத்தத்தில் நிற்பதும், அதனைச் சேர்த்தெழுதுவதும் ஓஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் துரும்ஸோவுக்கும் பொது. பொதுவாக எஞ்சியிருப்பதையும் "மாற்றம்" என்னும் பெயரால் கைவிடச் சொல்வது எவ்வகை அறிவுடைமை?

கூட்டுச்சொல்லின் உள்ளமைப்பைப் பார்க்கும்போது இன்னொரு நுட்பம் புலப்படும். 'வீன்கிளாஸ்' மதுக்கிண்ணம். செம்மதுவுக்குரிய கிண்ணமோ 'ரோவீன்ஸ்கிளாஸ்'. நடுவே ஒரு 'ஸ்' எங்கிருந்து வந்தது? நிலைமொழி தனிச்சொல்லாயிருந்தபோது அது வரவில்லை. நிலைமொழியே 'ரோவீன்' என்னும் கூட்டுச்சொல்லாக அமைந்தபோது வந்து நிற்கிறது. தமிழிலக்கணம் பயின்றவர் இதனைக் கண்டவுடன் 'சாரியை' என்பர். இச்சாரியை வெறும் ஒலிநிரப்பியன்று, "இதுவரை உள்ளது ஒரு கட்டு, இனி வருவது தலைச்சொல்" என்று செவிக்குச் சொல்லும் கைகாட்டி. கிண்ணம் சிவப்பன்று, மதுவே சிவப்பு என்பதை அந்த ஓரெழுத்து உறுதிசெய்கிறது. சொல்லைப் பிரித்தெழுதுகிறவன் இக்கைகாட்டியை எங்கே நடுவான்? முன்பாதியோடு விட்டால் அது உடைமைப்பொருள் தரும் உருபாகிவிடும். பின்பாதியோடு சேர்த்தால் பொருளற்ற புதுச்சொல்லாகிவிடும்.

அசைபிரிப்புச் சிக்கலும் இதனோடு தொடர்புடையதே. வரி முடியுமிடத்தில் சொல்லை முறிக்க வேண்டின், தனிச்சொல்லாயின் ஒரு மெய்யை அடுத்த வரிக்கு அனுப்புவது பொதுவிதி. கூட்டுச்சொல்லாயின் அவ்விதி செல்லாது. இணைந்த இடத்திலேயே முறிக்க வேண்டும். ஞாயிறு தோன்றுதலைக் குறிக்கும் 'சூலொப்காங்' என்னும் சொல்லில் 'சூல்' கதிரவன், 'ஒப்காங்' எழுச்சி. பொதுவிதியைக் கண்மூடிப் பின்பற்றும் இயந்திரம் 'சூ' என்று ஒரு வரியிலும் 'லொப்காங்' என்று மறு வரியிலும் போட்டுவிட்டால், கதிரவன் அங்கேயே அத்தமித்துவிடுகிறான். இன்னும் வியப்பானது ஒன்று. 'நாத்' இரவு, 'தோக்' தொடர்வண்டி. முன்னது இரு தகரத்தில் முடிகிறது. பின்னது தகரத்தில் தொடங்குகிறது. மூன்று ஒரே மெய் அடுத்தடுத்து நிற்றலை நார்வேஜிய எழுத்துநெறி ஏற்பதில்லை. ஆகவே ஒன்றைக் கெடுத்து இரண்டோடு எழுதுவர். ஆனால் அச்சொல் வரியிறுதியில் முறியுமானால், கெட்ட தகரம் திரும்பி வந்துவிடும்: முதல்வரியில் இரண்டு, அடுத்த வரியில் ஒன்று. பேருந்து நிறுத்தத்தைக் குறிக்கும் 'புஸ்ஸ்தொப்' என்னும் சொல்லிலும் இவ்வாறே. கெடுதலும் தோன்றலும் தமிழருக்குப் புதியனவல்ல. ஆனால் வரியின் அகலத்தைப் பொறுத்து ஓர் எழுத்து மறைந்தும் தோன்றியும் விளையாடுவது சிந்திக்கத் தக்கது. எழுதுவோர் உள்ளத்தில் அச்சொல் எப்போதும் இரு உறுப்புடைய ஒரு சொல்லாகவே வாழ்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தமிழருக்கு இப்போராட்டத்தின் சுவை எளிதில் புரியும். 'கைக்குட்டை' முகம் துடைக்கும் துணி. 'கை குட்டை' என்றால் கை நீளம் போதாது. 'கீரைக்கடை' விற்குமிடம், 'கீரை கடை' என்றால் மத்தையெடு என்னும் ஏவல். தமிழில் ஒற்று ஆற்றும் பணியை அங்கே அழுத்தமும் சேர்த்தெழுதுதலும் ஆற்றுகின்றன. ஒற்றைத் தின்றுவிட்டுச் "சூழல் உணர்த்தும்" என்பாரைத் தமிழுலகமும் அறியும். அந்நாட்டவர் இப்பிழைக்கு இட்ட பெயர் 'சேர்ஸ்க்ரீவிங்'. தனித்தெழுதுதல் என்பது பொருள். தமிழ்ச் செவிக்குச் 'சேர்' என்று கேட்பது அங்கே 'தனி' என்றாவது ஒரு வேடிக்கை. அப்பெயரையே பிழையாகப் பிரித்து 'சேர் ஸ்க்ரீவிங்' என்று எழுதினால் 'கோணல் எழுத்து' என்று பொருள்படுவது மற்றொரு வேடிக்கை.

யாழ்ப்பாணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் 1970களுக்குப் பின் நார்வே சென்ற ஈழத்தமிழர் பலர். வடகோடி மீன்பிடி ஊர்களில் மீன் பதனிடும் கூடங்களில் உழைத்தோரும் அவர்களுள் அடங்குவர். வயதுவந்தபின் அம்மொழியைக் கற்கும் ஒருவருக்கு இச்செய்தி நகைச்சுவையன்று. தமிழில் சொற்பொருளை அழுத்தம் மாற்றுவதில்லை. ஆகவே எல்லா அசையையும் ஒத்த வலிமையில் ஒலிப்பது தமிழ்நாவின் இயல்பு. சொல் சரி, எழுத்துச் சரி, இலக்கணமும் சரி; ஆயினும் அலுவலகச் சாளரத்துக்கு அப்பால் இருப்பவர் "என்ன சொன்னீர்கள்?" என்று மீண்டும் கேட்கிறார். அங்கே தவறியது அழுத்தம். அதனை அவருக்குக் கற்பித்தவர் யார்? பாடநூல் சொல்லை அச்சிட்டது, பொருளை அச்சிட்டது, ஓங்கி ஒலிக்க வேண்டிய அசை எது என்று குறிக்காமல் விட்டது. கடைப்பலகையில் வெளிவிட்டு எழுதிய புதுக்குடியேறியைப் படமெடுத்துச் சிரிப்பவர், அச்சொல்லை அவர் செவியில் ஒருமுறையேனும் சரியாக ஒலித்துக்காட்டியதுண்டா? இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தோரும் அதே பிழையைச் செய்யும்போது, அச்சிரிப்பின் கூர்மை எவர்மேல் பாய்கிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீண்ட சொல் அச்சுறுத்துகிறது என்பது உண்மை. மனித உரிமை அமைப்புகளைக் குறிக்கும் 'மென்னெஸ்கெரெத்திஹேத்ஸொர்கானிஸஷூனெர்' என்னும் சொல்லைக் கண்டு புதியவர் மலைப்பது இயல்பே. அதனை எளிதாக்க நடுநடுவே வெளிவிடுதல் மருந்தாகாது. 'மனித உரிமைகளுக்கான அமைப்புகள்' என்று முன்னிடைச்சொல் பெய்து தொடராக விரித்தெழுத அம்மொழியிலேயே இடமுண்டு. ஒன்று தொகையாக எழுதுக, அன்றேல் விரியாக எழுதுக; இரண்டுங்கெட்ட நிலையை எளிமை என்று போற்றுவானேன்? கற்பிக்கும் முறையும் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. அம்மொழியின் கூட்டுச்சொல்லில் பொருளின் தலைமை கடைசி உறுப்பிடம். அழுத்தத்தின் தலைமை பெரும்பாலும் முதலுறுப்பிடம். கண்ணை வலப்புறமிருந்தும் குரலை இடப்புறமிருந்தும் தொடங்கப் பழக்கினால், நாற்பது எழுத்துச் சொல்லும் நான்கு உறுப்பாய் அடங்கிவிடும். தமிழ்ப் பிள்ளைக்குக் குறில் நெடில் வேறுபாடு தாய்ப்பாலோடு வந்தது; 'தாக்', 'தக்' என்பவற்றை வேறுபடுத்த அப்பிள்ளை பிறரைவிட எளிதாகக் கற்கும். அந்த முதலீட்டைப் பயன்படுத்தும் ஆசிரியர் எத்தனை பேர்?

ஆணையிட்டு நாவைத் திருத்த முடியாது என்பாரும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று எண்ணுமுறை. ஐம்பத்திரண்டை 'இரண்டும் ஐம்பதும்' என்று சொல்லி வந்த பழைய முறையை மாற்றி, 'ஐம்பது இரண்டு' என்று சொல்ல வேண்டுமென நார்வே நாடாளுமன்றம் 1950இல் முடிவு செய்தது; 1951 சூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தொலைபேசி எண்களில் குழப்பம் நீங்கவேண்டுமென்பது நோக்கம். எழுபது ஆண்டு கடந்தும் பழைய முறையில் எண்ணுவோர் அங்கு உள்ளனர். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அரசு நாவை மாற்ற முயன்றது, நா மறுத்தது. இங்கே எவரும் நாவை மாற்றச் சொல்லவில்லை. கடைக்காரரும் மாணவரும் அலுவலரும் 'லம்மெலோர்' என்று பேச்சில் ஒரே அழுத்தத்தோடுதான் இன்றும் சொல்கின்றனர். நா தவறவில்லை, விரல்தான் தவறியது. விரலைத் திருத்தும் ஆசான் அவரவர் வாயிலேயே இருக்கும்போது, அவனைக் கேளாமல் சிவப்புக் கோட்டை நம்பும் பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கின்றனர்.

அதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டுவதில்லை. முதலாண்டுப் பாடநூலில் கூட்டுச்சொல் ஒவ்வொன்றிலும் இணைந்த இடத்தில் ஒரு புள்ளியும், ஓங்கும் அசையின்மேல் ஒரு கோடும் அச்சிடுக. 'ஓர்ஹுன்த்ரெ' போன்ற விலக்குகளைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முதல் பாடத்திலேயே வைக்க. இரண்டாம் ஆண்டில் கோட்டை நீக்குக. மூன்றாம் ஆண்டில் புள்ளியை நீக்குக. சொல்லெழுதும் தேர்வில் மாணவன் பேனாவை எடுக்குமுன் சொல்லை வாய்விட்டு ஒருமுறை சொல்லட்டும். ஆசிரியர் அருகில் நின்று கேட்கட்டும்.